சந்துப் பக்கத்துத் தகரம்

போன மாதம் ஒரு வேலைத்தளத்தில் உங்களில் ஒருவர் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வீட்டுக்கூரை ஓரத்தில் மாட்டும் மழைநீர்க் கால்வாய்கள் வரிசையாக இருந்தன. வெள்ளை, பழுப்பு, செங்கல் நிறம். "மேடம், இதுல எது நல்லது?" என்றார். நான் பதில் சொல்லாமல், கூரை எத்தனை பக்கம் சாய்கிறது, கிட்டத்தில் என்ன மரம் இருக்கிறது, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போனேன். அவர் முகத்தில் சலிப்பு தெரிந்தது. பக்கத்து வீட்டில் யார் இருந்தால் கால்வாய்க்கு என்ன என்று நினைத்திருப்பார். அதற்குப் பதில் கொஞ்சம் நீளம். அங்கே கலவை காய்ந்துகொண்டிருந்தது, சொல்லவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கிறோம், டீயும் வந்துவிட்டது. சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் விழுப்புரத்தில் ஒரு கட்டட கான்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். சிவில் டிப்ளமா முடித்த கையோடு கோலியனூரிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருவேன். பெண் பிள்ளை சைட்டுக்குப் போவதா என்று வீட்டில் ஒரு மாதம் பேச்சு நடந்தது. கான்ட்ராக்டர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. தன்னைப் பற்றிப் பேசினாலே எழுந்து வெளியே போய்விடுகிற மனிதர். எந்த வரைபடத்தைக் கொண்டுபோய் வைத்தாலும், அறைகளைப் பார்க்கமாட்டார். பென்சிலைக் கூரையின் மேல் வைத்து, "தண்ணி எங்கம்மா போவுது?" என்பார். நான் விரலால் காட்டுவேன். "சரி, அதுக்கப்புறம்?" என்பார். அதற்கும் காட்டினால், "அதுக்கப்புறம்?" என்பார். தெருச் சாக்கடை வரும்வரை விடமாட்டார்.

அந்த ஐப்பசியில் திண்டிவனத்திலிருந்து ஒரு மல்லாட்டை மண்டிக்காரர், வேர்க்கடலை வியாபாரி, ஆள் அனுப்பியிருந்தார். ஓட்டு வீடு. கூரை விளிம்பில் வழியும் தண்ணீரைப் பிடித்து ஓரமாக இறக்கிவிடும் தகரக் கால்வாய் துருப்பிடித்துப் போயிருந்தது. மழை பிடிப்பதற்குள் புதுசு மாட்ட வேண்டும். கட்டர் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள், எங்களுக்குத் தகரம் என்றாலே புரியும். "பழசு எப்டி இருந்துதோ அப்டியே போட்டுக்குடுத்தா போதும்" என்று மண்டிக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அப்டியேன்னா ஏன் துருப்பிடிச்சி வழியுது? நீ போயி பாரு. எது போடணும்னு நீயே சொல்லு" என்றார் கான்ட்ராக்டர். முதல் தடவையாக ஒரு முடிவை என் கையில் கொடுத்தார். சின்ன வேலைதானே என்று கொடுத்திருப்பார். எனக்கு அது சின்னதாகத் தெரியவில்லை.

என்னோடு தகர வேலை செய்யும் பாஷா பாய் வந்தார். நல்ல கைகாரர், வாய்க்காரரும் கூட. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே கிழக்கே பெருமுக்கல் பக்கம் வானம் கறுத்திருந்தது. "ஜல்தி அளந்துட்டு ஓடிடலாம்மா, இல்லன்னா பேஜாராப்பூடும்" என்றார்.

மண்டிக்காரர் விழுப்புரத்துக்குப் போயிருந்தார். நாங்கள் அங்கிருந்து வர, அவர் அங்கே போக, வழியில் தாண்டியிருப்போம். வீட்டில் அவர் மனைவி சரோஜா மட்டும் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். பின்கட்டில் வேப்பமரம். அதன் பக்கத்தில் சாய்ப்பு இறக்கி, அதன் கீழே மல்லாட்டை மூட்டைகளைச் சுவர் மாதிரி அடுக்கியிருந்தார்கள். வீட்டின் பின்பகுதி, முன்பகுதியோடு முழங்கை மடக்கினது போலச் சேர்ந்திருந்தது. இரண்டு கூரைச் சரிவும் சேரும் அந்த மூலையில், கூடல்வாய் என்பார்களே, அங்கே இரண்டு கூரையின் தண்ணீரும் ஒன்றாக இறங்கும். அது இறங்குகிற இடம் ஒரு குறுகலான சந்து.

சந்து மண்டிக்காரருடையது. சந்தின் மறுபக்கம் பக்கத்து வீட்டுக்காரர் அந்தோணியம்மாவின் வீட்டு மண்சுவர்.

நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு சந்துக்குள் போனதும் அந்தோணியம்மா தன் வாசல் வழியாகச் சுற்றி வந்து நின்றார். கரும்பு வெட்டும் வேலைக்குப் போகிற குடும்பம். புருஷன் அன்றைக்கும் வெட்டுக்குப் போயிருந்தார்.

"யாரும்மா நீ?"

"தகரம் மாத்த வந்திருக்கோங்க."

"மாத்துங்க மாத்துங்க. ரெண்டு வருசமா இவுங்கூட்டுத் தண்ணிக்கு நாங்க செவுரு பூசிக்கினே கெடக்கறோம். கேட்டா, எங்க சந்து, எங்க தண்ணிங்கறாங்க. செவுரு எங்களுதாச்சே, அத யாரு கேக்கறது?"

அந்தப் பக்கம் ஜன்னலுக்குள்ளிருந்து சரோஜாவின் குரல் வந்தது. "நாங்களா ஊத்தறோம்? மழ ஊத்துது!"

இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசி இரண்டு வருஷமாகிறது என்று பிறகுதான் தெரிந்தது. எல்லாப் பேச்சும் இப்படி மூன்றாவது ஆள் வழியாகத்தான். அன்று அந்த மூன்றாவது ஆள் நான்.

அளந்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தூறலாக ஆரம்பிக்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. நானும் பாயும் பின்கட்டுக் கதவடியில் ஒதுங்கினோம். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அதுவரை காய்ந்த தகரத்தைத்தான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் ஓடும்போது ஒரு வீட்டைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கூடல்வாயிலிருந்து வந்த வேகத்தில் பாதித் தண்ணீர் தகரத்துக்குள் விழவே இல்லை, தாண்டிப் போய்ச் சந்தில் விழுந்தது. உள்ளே விழுந்த தண்ணீர் தகரம் வழியாகப் பின்கட்டுப் பக்கம் ஓடி, அங்கே இருந்த ஒரே குழாயில் இறங்க வேண்டும். குழாய் வாயில் வேப்பிலை அடைத்துக்கொண்டது. தகரம் நிரம்பியது. பாரம் தாங்காமல் நடுவில் தொய்ந்தது. அந்தச் சந்தோஷமும் அதோடு போயிற்று. நடுவிலிருந்த இணைப்பு வாயைப் பிளந்தது. ஒரு ஆள் இடுப்பு மொத்தத்துக்குத் தண்ணீர், நேராக அந்தோணியம்மா வீட்டுச் சுவரின் அடிப்பக்கத்தில் போய் அடித்தது.

பாய் ஏணியைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் இறங்கிவிட்டார். "ரெண்டு ரிவெட்டு அடிச்சா நின்னுடும்மா. அஞ்சே நிமிசம்."

ஏணியைச் சந்துக்குள்தான் நிறுத்த முடியும். அதன் கால் மண்சுவரின் அடியில்தான் ஊன்றும். நான் சுவரைப் பார்த்தேன். பூச்சு ஏற்கெனவே கரைந்து, உள்ளே இருக்கும் செம்மண் தெரிந்தது. அடியில் சுவர் லேசாகப் புடைத்திருப்பது போலத் தோன்றியது. காலையிலேயே அப்படித்தான் இருந்ததா, இப்போது ஆனதா? எனக்குத் தெரியவில்லை. சொல்லித்தர யாரும் இல்லை. கான்ட்ராக்டர் இருப்பது விழுப்புரத்தில்.

"பாய், வெளிய வாங்க."

"அம்மா, வேல கெட்டுடும்..."

"வேல கெட்டா கெடட்டும். ஏணிய வெச்சிட்டு வெளிய வாங்க!"

நான் அப்படிக் கத்தி அவர் கேட்டதில்லை. வந்துவிட்டார். கோபத்தோடுதான் வந்தார்.

சந்துக்குள் போகாமல் தண்ணீரைத் திருப்ப ஒரே வழிதான் இருந்தது. தகரத்தின் பின்கட்டு முனையை ஒரு தகட்டால் அடைத்திருந்தார்கள். அந்தத் தகட்டை வெட்டி எடுத்துவிட்டால், நிற்கிற தண்ணீர் குழாய்க்காகக் காத்திருக்காமல் முனை வழியே பாய்ந்துவிடும். பின்கட்டுச் சிமெண்டுத் தொட்டிமேல் ஏறி நின்றாலே எட்டும். ஆனால் பாய்கிற தண்ணீர் சாய்ப்புக்குள், மல்லாட்டை மூட்டைகள் மேலே போய் விழும். அந்த வீட்டின் ஒரு பருவத்து வியாபாரம் அங்கே அடுக்கியிருந்தது. அதை நனைக்க நான் யார்?

சரோஜாவிடம் போய்ச் சொன்னேன். அவர் மூட்டைகளைப் பார்த்தார். சந்தைப் பார்த்தார். ஒரே கேள்விதான் கேட்டார்.

"செவுரு உயுந்துடுமா?"

விழும் என்றால் அது நிச்சயமில்லை. விழாது என்று சொல்லத் துணிச்சலில்லை. "தெரிலக்கா. உயலாம்" என்றேன்.

படித்துவிட்டு வந்து தெரியவில்லை என்று சொல்கிறாளே என்று நினைப்பார் என்றுதான் பயந்தேன். அவர் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். "பாயி, வெட்டுங்க" என்றார். பிறகு என்னிடம், "அவ பொண்ணு பெத்துக்கினு வந்து உள்ள படுத்துக்கினு கீது. நேத்துதான் ஆஸ்பத்திரில இருந்து கூட்டியாந்தாங்க. வா" என்றார்.

அதுவரை எனக்கு அது தெரியாது.

பாய் தொட்டிமேல் ஏறிக் கத்தரியைத் தகட்டில் கொடுப்பதைப் பார்த்துவிட்டு நாங்கள் தெருவழியாக ஓடினோம். அந்தோணியம்மா வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீர். உள்ளே கயிற்றுக் கட்டிலில் அவர் மகள் ஸ்டெல்லா படுத்திருந்தாள். பக்கத்தில் துணிச்சுருளாகக் குழந்தை. கட்டில் கிடந்தது அந்தச் சுவரை ஒட்டி.

"வெளிய வந்துடுங்கம்மா, செவுரு ஊறிப்போச்சி" என்றேன்.

அந்தோணியம்மா மகளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "இந்த மழையில பச்ச ஒடம்புக்காரிய எங்க கூட்டிக்கினு போவ சொல்ற? சன்னி வந்துட்டா நீ பாப்பியா? இவ்ளோ நாளு நின்ன செவுரு இன்னிக்கும் நிக்கும்."

"எங்கூட்டுக்கு" என்றார் சரோஜா, வாசலில் நின்றபடி. முழுக்க நனைந்திருந்தார்.

அந்தோணியம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னிடம்தான் சொன்னார். "அந்த ஊட்டு வாசப்படி நாங்க ஏறனது இல்லம்மா. ஏற சொன்னதும் இல்ல."

அது தண்ணீர்ச் சண்டையைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். அங்கே நின்ற மூன்று பேருக்குமே தெரியும்.

சரோஜா உள்ளே வந்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தோணியம்மாவிடமே பேசினார். "இப்போ சொல்றேன். ஏறு. அப்பறம் வந்து எங்கிட்ட எவ்ளோ வேணும்னாலும் சண்ட போடு. கொழந்தையக் குடு."

கையை நீட்டிக்கொண்டே நின்றார். குழந்தை தூக்கத்தில் முகத்தைச் சுளித்தது. கூரைக் கீற்றுவழியாக அதன்மேல் ஒரு சொட்டு விழுந்திருக்க வேண்டும். அந்தோணியம்மா குனிந்து எடுத்து, சரோஜாவின் கையில் வைத்தார். நானும் அவருமாக ஸ்டெல்லாவைத் தாங்கிக்கொண்டோம். ஒரு பழைய உரச்சாக்கைக் கொங்காணி போல அவள் தலையில் கவிழ்த்தோம். தெருவைச் சுற்றி மண்டிக்காரர் வீட்டு முன்வாசல் வழியாக உள்ளே போனோம். சரோஜா தன் கட்டிலிலேயே அவளைப் படுக்க வைத்தார்.

பின்கட்டில் பாய் வேலையை முடித்திருந்தார். தகரத்து முனையிலிருந்து தண்ணீர் வில் மாதிரி வளைந்து சாய்ப்புக்குள் விழுந்துகொண்டிருந்தது. மேல் அடுக்கு மூட்டைகள் கறுத்துப் போயிருந்தன. சந்தில் பாய்வது பாதியாகக் குறைந்திருந்தது. "இன்னா கத்தினீங்கம்மா, எம் பொண்டாட்டி கூட அப்டி கத்தனது இல்ல" என்றார் பாய். நான் சிரிக்கப் போனேன். அப்போது சந்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தம் இல்லை. ஈர மூட்டையைத் தரையில் போட்டது போல ஒரு தொப்.

எட்டிப் பார்த்தோம். சுவரின் நடுப்பகுதி, ஒரு மாட்டுவண்டி நுழைகிற அகலத்துக்கு, சரிந்து கிடந்தது. பாதி சந்துக்குள் விழுந்திருந்தது, பாதி வீட்டுக்குள். ஓட்டை வழியாகக் கயிற்றுக் கட்டிலின் ஒரு கால் மட்டும் தெரிந்தது. மீதி மண்ணுக்கடியில். ஏணி வைக்க இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குச் சேறு.

பாய் தொப்பியைக் கழற்றிப் பிழிந்து மறுபடி போட்டுக்கொண்டார். அந்தோணியம்மா பின்னால் வந்து நின்று பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே ஓடி, கட்டிலில் இருந்த மகளின் காலைத் தொட்டார், குழந்தையைத் தொட்டார், மறுபடி மகளைத் தொட்டார். பிறகு தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். சரோஜா அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவரும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. ஒரு வேலை முடிந்ததும் அப்படியொரு நிம்மதி அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்ததில்லை. அப்படி ஒன்று தேவைப்படவும் இல்லை, நல்லவேளை.

மண்டிக்காரர் அந்தியில் திரும்பினார். நேராகச் சாய்ப்புக்குப் போனார். "எவன் தகரத்த வெட்னது?" என்ற சத்தம் கேட்டது. சரோஜா போய் அவர் கையைப் பிடித்துச் சந்துக்குக் கூட்டிப்போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவர் முன்னறைக் கதவருகே நின்று, கட்டிலில் கிடந்த குழந்தையைக் கொஞ்சநேரம் பார்த்தார். "பாலு கீலு வேணுமான்னு கேளு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றப் போனார். மூட்டைகளைப் பற்றி அதற்குமேல் பேச்சு இல்லை. மழை விட்டபின் பிரித்துக் காயவைத்தார்கள். கொஞ்சம் முளைவிட்டது, மீதி தேறியது.

மறுநாள் காலை கான்ட்ராக்டர் வந்தார். நான் நடந்ததை ஒப்பித்தேன். அவர் சரிந்த சுவரைப் பார்த்தார், ஏணி கிடந்த இடத்தைப் பார்த்தார், வெட்டின முனையைப் பார்த்தார். "ம்" என்றார். அவ்வளவுதான். பிறகு மண்டிக்காரர் முன்னாலேயே என் பக்கம் திரும்பி, "சரி, எந்தத் தகரம் போடணும், சொல்லு" என்றார்.

மண்டிக்காரருக்கு இப்போது பயம் வந்துவிட்டது. பழசு போலவே போதும் என்றவர், "இருக்கறதுலயே பெருசாப் போடுங்க. ஆஸ்பெஸ்டாஸ்ல பெரிய வாயா வருதாமே, அதப் போடுங்க" என்றார். நீங்களும் இப்படிப்பட்ட வாடிக்கையாளரைப் பார்ப்பீர்கள். நேற்றுவரை எது மலிவு என்று கேட்டவர், ஒரு மழைக்குப் பிறகு எது பெரியது என்று கேட்பார். இரண்டும் ஒரே தவறுதான். இரண்டு தடவையும் அவர் வீட்டைப் பார்ப்பதில்லை, கடையைத்தான் பார்க்கிறார்.

நான் மழையில் பார்த்ததைச் சொன்னேன். தகரம் சின்னதாக இருந்தது ஒரு குறைதான், ஆனால் அது முதல் குறை இல்லை. கூடல்வாய்த் தண்ணீர் தாண்டிக் குதிக்கிறது, அங்கே மட்டும் ஒரு தடுப்புத் தகடு உயரமாக நிற்கவேண்டும். ஒரே ஒரு குழாய் இருந்ததால் அது அடைத்ததும் எல்லாம் நின்றது, இரண்டு முனையிலும் குழாய் வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கனம், கூரையின் பழைய மரச்சட்டம் தாங்காது, ஒரு கிளை விழுந்தால் விரிசல் விடும். துத்தநாகம் பூசின கெட்டித் தகரம் போதும், தாங்கிகளை நெருக்கமாக அடித்தால் தொய்யாது. சந்தில் ஒரு சொட்டும் இறங்கக்கூடாது, முன்பக்கக் குழாய் தெருச் சாக்கடைக்கு, பின்பக்கக் குழாய் அவர்கள் கிணற்றடிக்கு.

கான்ட்ராக்டர் "அதுக்கப்புறம்?" என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டது சரோஜா.

"எலைய யாரு எடுக்கறது? இவரு ஏணி ஏறுவாரா? நாந்தான் எடுக்கணும். நான் தொட்டிமேல நின்னா கைக்கு எட்டணும், சொல்லிட்டேன்."

நான் அதை யோசித்திருக்கவில்லை. பின்பக்கக் குழாயின் வாயைத் தொட்டிக்கு நேராக நகர்த்தினோம், கையால் தூக்கி எடுக்கிற மாதிரி ஒரு கம்பிவலைக் கூடை வைத்தோம். அதற்குப் பிறகு கண்டாச்சிபுரம் வரைக்கும் எத்தனையோ வீட்டில் கால்வாய் மாட்டியிருக்கிறேன். அளவு, சரிவு, தகட்டின் கனம் எல்லாம் உங்களுக்குப் புத்தகத்தில் கிடைக்கும். அதை யார் சுத்தம் செய்வார்கள், அவர்கள் கை எதுவரை எட்டும் என்பதை அந்த வீட்டில் நின்றுதான் கேட்க வேண்டும். அதேபோல, தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். நான் அன்றைக்கு, ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருந்தால் சரோஜா மூட்டைகளைத்தான் காப்பாற்றியிருப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இடிந்த சுவரை மண்டிக்காரரே செங்கல் இறக்கிக் கட்டிக்கொடுத்தார். பாதி வெட்கம், பாதி மனைவியின் நச்சரிப்பு. அந்தோணியம்மா குடும்பம் வேலை முடியும்வரை அந்த வீட்டு முன்னறையில் இருந்தது. தெருவில் சிலர் முணுமுணுத்தார்களாம். சரோஜா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வருஷம் ஐப்பசியில் புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னார்கள். விழுப்புரத்தில் காலையிலிருந்தே ஊற்றியது. அலுவலகத்தில் எனக்கு உட்கார முடியவில்லை. கான்ட்ராக்டர் என்னைப் பார்த்தார். "போயி பாத்துட்டு வா. இல்லன்னா இன்னிக்கு நீ ஒரு வேலையும் செய்யப் போறது இல்ல" என்றார். பஸ்ஸில் ஜன்னல் ஷட்டரைத் தூக்கித் தூக்கி வெளியே பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவர் நனைந்துபோய்த் திட்டினார்.

திண்டிவனத்தில் இறங்கி, குடை திருப்பிக்கொள்ள, அந்தத் தெருவுக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. இரண்டு பெண்கள் உச்சக்குரலில் சண்டை. ஓடினேன்.

சந்தின் ஒரு பக்கம் சரோஜா, மறுபக்கம் அந்தோணியம்மா. அவர் இடுப்பில் ஸ்டெல்லாவின் குழந்தை, அதன் கையில் முறுக்கு. நான் முதலில் மேலே பார்த்தேன். தகரம் நிரம்பாமல் ஓடிக்கொண்டிருந்தது, தொய்வு இல்லை. கீழே பார்த்தேன். சந்தின் நடுவில் வானத்துத் தண்ணீர் நனைத்த ஒரு கோடு. இரண்டு பக்கச் சுவரடியும் காய்ந்த மண். அந்தக் காய்ந்த மண்ணில் ஒரு பெட்டைக்கோழி, குஞ்சுகளோடு, சாவகாசமாகக் கிளறிக்கொண்டிருந்தது.

"வா, இஞ்சினியரம்மா, நல்ல நேரத்துக்கு வந்த! நீயே நாயத்தச் சொல்லு" என்றார் சரோஜா. "இவ கோழி எங்கூட்டுல பூந்து காய வெச்ச கேப்பைய மொத்தமும் எறச்சிட்டுது!"

"உள்ள பூர மாதிரி கதவத் தெறந்து வெச்சது யாரு, அதக் கேளும்மா!" என்றார் அந்தோணியம்மா.

கோழியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு, அந்தச் சந்தில் நின்று, மூச்சு வாங்கச் சிரித்தேன்.